திட்டு வகுப்பு

புவியியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குளோப். பாடத்தால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வயிற்றால் வந்த பெயர் என்று மற்ற எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவிக்கும் தெரியும். அந்த அம்மாள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவர். வந்துபோகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, யார்மேலும் பெரிய மரியாதை இல்லாமல் போய்விட்டது. காலையில் வாத்தியார் மூச்சை இழுத்துப் பிடித்துச் சட்டைப் பொத்தான் போடும்போது, "இன்னைக்கு உலகம் கொஞ்சம் பெருசாயிடுச்சு போல" என்பார். வாத்தியார் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனால் எந்த வேலைக்கும் தானாகக் கையைத் தூக்கியது கிடையாது. ஆசிரியர் கூட்டம் என்றால் பீரோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பாதி உடம்பை அதன் மறைவில் வைத்துக்கொள்வார். மீதிப் பாதி வெளியே தெரியும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. இப்படியே ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்.

அந்த வருடம் பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்தார். மூட்டுவலியோடு போனவர் தன்னம்பிக்கையோடு திரும்பினார். தனக்கு ஒட்டிக்கொண்டதை நம் எல்லோருக்கும் ஒட்டவைக்காமல் இந்த மனுஷன் விடமாட்டார் என்று ஆசிரியர் அறையில் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"பாடம் மட்டும் படிச்சாப் பத்தாது" என்றார் கூட்டத்தில். "பசங்க எழுந்து நின்னு பேசணும், பாடணும், ஆடணும், விளையாடணும். அப்பத்தான் தன்னம்பிக்கை வரும். இனிமே வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் இதுக்குத்தான்."

அந்த இரண்டு பீரியடுகளும் அதுவரை கணக்கு வாத்தியாருடையவை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நடனம், பாட்டு, பேச்சு, ஓவியம், விளையாட்டு என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்ததும் முதல் வேலையாகத் தேர்வு வைத்தார்கள். பேச்சுக் குழுவுக்கு நன்றாகப் பேசுகிற பிள்ளைகள், பாட்டுக்கு நன்றாகப் பாடுகிற பிள்ளைகள். தன்னம்பிக்கை வளர்க்கும் திட்டத்துக்கு, ஏற்கனவே தன்னம்பிக்கை வழிந்துகொண்டிருந்தவர்களை எல்லோருமாகப் பொறுக்கி எடுத்தாகிவிட்டது. யாருக்கும் வேண்டாமல் பதினொரு பேர் மிஞ்சினார்கள்.

"இவங்களை யாரு பாத்துக்கப் போறீங்க?" என்று பெரிய சார் கேட்டார். அனுபவசாலிகள் எல்லோரும் உடனே தரையைப் பார்த்தார்கள். குளோப் மட்டும் மின்விசிறி ஏன் கிறீச்சிடுகிறது என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்திருந்த ஒரே முகம் அதுதான். தலையில் கட்டிவிட்டார்கள்.

பலகையில் அதன் பெயர் சிறப்புக் குழு. ஆசிரியர் அறையில் அதன் பெயர் மிச்சம் மீதி.

முதல் வாரம் குளோப் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தை வாங்கிவந்தார். கண்ணாடி முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. கைகழுவுமிடத்துக் கண்ணாடியைக் கழற்றிவந்து மாட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஆளாளுக்கு வந்து முகப்பருவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் பயிற்சி. இரண்டு பேர் சிரித்தார்கள், ஒரு பையன் அழுதுவிட்டான். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் உலக வரைபடத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார். வகுப்பு அமைதியாகிவிட்டது. பதினொரு பேருக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. புத்தகத்தை மேசைக் கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்தார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசிலும் கையில் மாத்திரைப் பட்டையுமாக ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றார்.

"சார், அம்பயரா நிக்க உங்க ஆளுங்கள்ல ஒருத்தரை அனுப்புங்க சார். ரெண்டு பக்கமும் என்னைத் திட்டியே எனக்கு பி.பி. ஏறிப்போச்சு."

"இதுங்களா? இதுங்களுக்கு வாயே கிடையாதே சார்."

"வாய் எதுக்கு? விசில் இருக்குல்ல. அதோட இதுங்களை எந்த டீமும் சேத்துக்கலை. யாருக்கும் சாதகமா ஊதுச்சுன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

யாருக்கும் வேண்டாதவர்களுக்கு இப்படி ஒரு தகுதி இருக்கும் என்று குளோப் யோசித்ததே இல்லை. கையில் அகப்பட்ட ஒரு பையனை அனுப்பிவைத்தார். வாலிபால் ஆட்டம். முதல் தீர்ப்புக்கே இரண்டு அணியும் அவனைச் சூழ்ந்துகொண்டு கத்தின. பையன் இந்தப் பக்கத்துக்கு ஒரு முறை ஊதினான், அந்தப் பக்கத்துக்கு ஒரு முறை ஊதினான். பிறகு விசிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். பள்ளி விடுகிற மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தான்.

குளோப் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, வெளியே வந்தவனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்ட விதியெல்லாம் அவனுக்குத் தெரியும். நாலு பேர் கத்தும்போது நிற்கத்தான் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கியதுதான் திட்டு வகுப்பு. ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று விசிலை ஊதிக் கையைத் தூக்க வேண்டும். மற்ற பத்துப் பேரும் கீழே நின்று ஒரு நிமிடம் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும். தூக்கிய கை இறங்கக் கூடாது. நிறம், உருவம், வீடு, அப்பா அம்மா பற்றிப் பேசக் கூடாது. கண் பார்வையையும் மூளையையும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், தனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்பார்.

"குருட்டு அம்பயர்!" என்று முதலில் ஒரு குரல் பயந்து பயந்து வந்தது. "கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?" என்று இன்னொன்று. பத்து நிமிடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. வாயே இல்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வளவு வாய். நிற்கிறவனுக்குத் தைரியம் வருகிறதோ இல்லையோ, திட்டுகிறவர்களுக்கு வந்துவிட்டது. பக்கத்து அறையில் பாட்டு மிஸ் சுருதி சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துப் புகார் செய்தார். எச்சரிக்கைக்கும் தண்டனைக்கும் அட்டைகள் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதும், குளோப் கிழிந்துபோன பழைய வரைபடம் ஒன்றை எடுத்து மஞ்சளாக இருந்த ஒரு பாலைவனத்தையும் சிவப்பாக இருந்த ஒரு நாட்டையும் வெட்டிக் கொடுத்தார்.

பதினொரு பேரில் ஒருத்திதான் ஏறவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண். வகுப்பில் அவளுக்குப் பெயர் முணுமுணு. வருகைப் பதிவின்போது அவள் 'உள்ளேன்' என்று முணுமுணுப்பது முதல் பெஞ்சைத் தாண்டாது. அதனால் பள்ளிக்கு வந்த நாட்களிலும் பாதிக்கு ஆப்சென்ட் விழுந்திருந்தது. வந்தேன் என்று ஒரு முறைகூட அவள் போய்ச் சண்டை போட்டதில்லை.

குளோப் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. பெரிய மனசெல்லாம் கிடையாது, சோம்பல். ஒருநாள் பிள்ளைகள் கீழே இறங்கிப் போன பிறகு, மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தார். அவள் தனியாகப் பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தாள். ஊதினாள். புஸ் என்று காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினாள். மறுபடியும் காற்று. அவள் விடவில்லை. கடைசியில் விசில் வீறிட்டதில், குளோப் அப்போதுதான் கையில் எடுத்திருந்த குடை விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் இறங்கி ஓடவில்லை. கையைத் தூக்கி நின்றாள். இவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடமையே என்று ஒரு நிமிடம் திட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. சிறு வகுப்புகளின் ஆட்டங்களுக்கெல்லாம் அவள்தான் நடுவர். வாய்ப்பேச்சு மட்டும் பழையபடிதான். விசிலும் கையும் போதும், மிஞ்சினால் ஒரு வார்த்தை. அவளுடைய அம்மா ஒருநாள் பள்ளிக்கே வந்துவிட்டார். தையல் கம்பெனியில் வேலை, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

"என்ன சார் சொல்லிக் குடுக்கறீங்க இங்க? தம்பியும் அவங்க அப்பாவும் டி.வி.க்கு அடிச்சுக்கிட்டா இவ நடுவுல போய் நின்னு கையைக் காட்டறா. நேத்து எனக்கே மஞ்சக் கார்டு காட்டிட்டா சார்."

"எதுக்கும்மா?"

அம்மா சற்றுத் தயங்கினார். "தப்பு என் பேர்லதான். அது வேற விஷயம்."

வருடக் கடைசியில் பெற்றோரை அழைத்து ஒரு விளையாட்டு நாள். அதன் பெரிய ஆட்டம், ஆசிரியர்களுக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடக்கும் வாலிபால். ஆசிரியர் அணிக்குத் தலைவர் பெரிய சார். புது ஷூ வாங்கியிருந்தார். நடுவர் யார் என்ற பேச்சு வந்ததும் குளோப், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"நம்ம பொண்ணு நிக்கட்டும் சார்."

"அந்தப் பொண்ணா?" என்றார் பெரிய சார். "அது வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லையே. இத்தனை பேரண்ட்ஸ் முன்னாடி தடுமாறி நின்னா நம்ம மானம் போயிடும்."

"தடுமாற மாட்டா. அப்படித் தடுமாறினா இந்தக் குழுவையே கலைச்சிடுங்க சார். ரெண்டு பீரியடையும் கணக்குக்கே திருப்பிக் குடுத்திடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கணக்கு வாத்தியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, "அப்ப இனிமே வெள்ளிக்கிழமை ஜாலியா இருக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ஜாலியாக இருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பதினொரு பேர்மேல் அவருக்கு எப்படியோ பாசம் வந்துவிட்டிருந்தது. அவர்களைத் திரும்பவும் வரைபடத்துக்கு வண்ணம் அடிக்க அனுப்புவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

விளையாட்டு நாளன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கணக்கு வாத்தியார் செருப்போடு குதித்துப் பார்த்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். ஆள் குறைந்தது. பெரிய சார் சுற்றிப் பார்த்தார். இந்த முறை குளோப் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இருந்தும் பிடித்துவிட்டார்கள். ஓட முடியாத ஆளை நெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

நெட்டின் ஓரத்தில் உயரமான ஆய்வக ஸ்டூலின்மேல் முணுமுணு நின்றாள். பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய அம்மா. பேருந்துகள் கிளம்ப வேண்டும் என்பதால் யார் முதலில் இருபத்தொன்று எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்ததாக வைத்துக்கொள்வது அந்தப் பள்ளியின் வழக்கம். அவள் விசில் ஒரு முறைகூடப் பிசகவில்லை. பெரிய சார் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தபோது வெளியே என்றுதான் காட்டினாள். அவர் முறைத்தார். அவள் அடுத்த சர்வுக்கு ஊதினாள்.

ஆசிரியர்கள் இருபது, மாணவர்கள் பத்தொன்பது. பந்து இங்கும் அங்கும் போய் வந்து, கடைசியில் நெட்டுக்கு மேலே, குளோப் தலைக்கு நேராக வந்தது. அவர் குதித்தார். அதைக் குதித்தல் என்று சொல்வது நம்முடைய பெருந்தன்மை. இரண்டு கையாலும் பந்தைத் தள்ளினார், அது அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. ஜெயித்தாகிவிட்டது! பெரிய சார் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பல வருட வேலையில் குளோப்பை யாரும் கட்டிப்பிடித்தது கிடையாது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விசில் நீளமாகக் கேட்டது. முணுமுணு நெட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"நெட் டச்."

பந்து விழுவதற்கு முன்பே அவருடைய வயிறு நெட்டில் பட்டிருந்தது. புள்ளி மாணவர்களுக்கு. இருபதுக்கு இருபது.

பட்டது குளோப்புக்கு நன்றாகவே தெரியும். நெட்டின் கயிறு சட்டைப் பொத்தானில் மாட்டி இழுத்ததுகூடத் தெரியும். ஆனால் பெரிய சாரின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது, கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

"படவே இல்லம்மா!" என்றார்.

அவள் மஞ்சள் அட்டையைத் தூக்கினாள். அது எச்சரிக்கை. அதற்கு மேலும் வாயைத் திறந்தால் சிவப்பு, சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி. அதை அவளுக்குச் சொன்னவரே இவர்தான்.

"கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?" என்று கத்தினார் குளோப்.

அவளுடைய கை பாக்கெட்டுக்குள் போய், சிவப்பு அட்டையோடு வெளியே வந்து, மேலே போய் நின்றது. இருபத்தொன்று மாணவர்களுக்கு. ஆட்டம் முடிந்தது. பத்தாம் வகுப்பு முழுக்க மைதானத்துக்குள் பாய்ந்தது.

பெரிய சார் மைக்கைப் பிடித்தார். சிரித்த முகத்தோடுதான் பேசினார்.

"பத்தாம் வகுப்புக்கு வாழ்த்துகள். கடைசி நேரத்துல நம்ம நடுவர் கொஞ்சம் தடுமாறிட்டாங்க. குழந்தைதானே, பரவாயில்லை. பெரியவங்க நாங்க விட்டுக் குடுத்துட்டோம்."

தடுமாறிட்டாங்க. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் குளோப்புக்குத் தான் கட்டிய பந்தயம் ஞாபகத்துக்கு வந்தது. கணக்கு வாத்தியார் ஐஸ் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். குளோப் நைசாகக் கம்பி நீட்டி மரத்தடியில் போய் உட்கார்ந்தார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் குழு பிழைக்கும், ஆனால் அவர் பொய் சொன்னது ஊருக்கே தெரிந்துவிடும். நாளைக்குப் பெரிய சாரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, முணுமுணு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்து, அவர் முந்திக்கொண்டார். "பரவாயில்லம்மா, நான் மனசுல வச்சுக்கல."

"வயிறு பட்டுச்சா இல்லையா சார்?"

"விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம்மா, அந்த வேகத்துல..."

"பட்டுச்சா, இல்லையா?"

குளோப் மென்று விழுங்கினார். "பட்டுச்சு."

"அப்ப மைக்ல சொல்லுங்க. நான் தடுமாறிட்டேன்னு பெரிய சார் சொல்லிட்டாரு. எங்கம்மா அங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க."

இத்தனை வாக்கியங்களை அவள் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதே இல்லை. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பெண் பிள்ளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாளே என்ற அவமானமும், அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லையே என்ற அவமானமும். எழுந்து மேடைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.

மைக்கைக் கையில் வாங்கியதும் பழைய புத்தி வந்துவிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். அந்தக் கடைசிப் பந்து... அதாவது, யோசிச்சுப் பாத்தா, வயிறு லேசா உரசியிருந்தாலும் உரசியிருக்கலாம்னு... நம்ம வயிறுதான் உங்களுக்கெல்லாம் தெரியுமே..."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குளோப்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். சிரிப்பு அலையலையாக வந்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள், பெரிய சாரும் சிரித்தார். குளோப்புக்கு அப்பாடா என்றிருந்தது. பூசி மெழுகியாகிவிட்டது, நல்ல பேரோடு இறங்கிவிடலாம். மைக்கை நீட்டினார்.

விசில் கூட்டத்தை அறுத்துக்கொண்டு கேட்டது. மைக்குக்குப் பக்கத்திலேயே ஊதியதால் ஒலிபெருக்கியும் சேர்ந்து அலறியது. எல்லோரும் திரும்பினார்கள். முணுமுணு மேடையின் ஓரத்தில், கையை உயரத் தூக்கி நின்றிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "சார் இன்னும் பேசி முடிக்கல."

முடித்துவிட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையைப் பார்க்கவும் முடியவில்லை, மேலே பார்க்கவும் முடியவில்லை. நீட்டிய மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோனார்.

"பட்டுச்சு" என்றார். "பட்டதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். ஜெயிச்ச ஆசையில பொய் சொன்னேன். சொன்னதும் இல்லாம அந்தப் பிள்ளையைத் திட்டினேன். அவ தடுமாறலை. இந்த மைதானத்துல தடுமாறினது நான் ஒருத்தன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் தன்னுடைய புது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். குளோப் கடைசியில் முணுமுணுவைப் பார்த்தார்.

அவள் தூக்கிய கையை இறக்கினாள். போகலாம் என்று அவருக்குச் சைகை காட்டினாள். அவர் இறங்கிப் போனார்.